செபதேயுவுக்கு வசனம் இல்லை

அப்பாவை நாடகத்தில் சேர்த்ததே, அவர் ஒன்றும் பேசத் தேவையில்லை என்பதால்தான். நாங்கள் வெளிநாடு வந்து குடியேறிய லூயிஷாமில் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலின் பின்மண்டபத்தில், யேசு முதல் சீடர்களை அழைத்த கதையைப் போட்டார்கள். மன்னாரில் கடலுக்குப் போன மனுசன், இப்போது பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். வலையோடு இருக்க அவரை விட்டால் வேறு ஆர்?

அவருக்குச் செபதேயு வேஷம். யாகப்பருக்கும் அருளப்பருக்கும் தகப்பன். யேசு கூப்பிட்டவுடன் பிள்ளைகள் இரண்டுபேரும் எழும்பிப் போவார்கள். தகப்பன் வள்ளத்திலேயே இருக்கவேண்டும். அவ்வளவுதான். இதில் பிழைவிட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

அருளப்பராக நடித்தது என் சின்னண்ணை. பெரியண்ணை மன்னாரிலேயே நின்றுவிட்டார். "படிக்கிறார்" என்றுதான் அப்போது எட்டு வயதுக்காரியான எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வலைக்குப் பள்ளிக்கூடத்துப் பூப்பந்து வலையைக் கொண்டுவந்தார்கள். "இதிலை மீன் படாது, பந்துதான் படும்" என்று அப்பா சிரித்தார். பிறகு மட்டைப்பெட்டி வள்ளத்தில் ஏறிச் சப்பாணி கட்டி இருந்தார்.

யேசுவாக வந்தது, கவுன்சிலில் வேலைசெய்த ஒரு மாமா. ஒட்டுத்தாடி. அவர் கூப்பிட, யாகப்பர் எழும்பிப் போனார். அடுத்து மாமா சின்னண்ணையின் தோளில் கைவைத்தார். அப்பா விசுக்கென்று எழும்பினார். எழும்பக்கூடாது! அண்ணையின் கையை எட்டிப் பிடித்தார்.

"மூத்தவனைக் கொண்டுபோயிட்டியள். இவனைத் தரமாட்டன்."

ஐயோ, அப்பா கதைத்துவிட்டார்!

"அண்ணை, விடுங்கோ. நாடகமெல்லே" என்று மாமா கெஞ்சினார். அப்பா விடவில்லை. சின்னண்ணையின் கை சிவந்துபோனது. பார்த்தால், தாடி ஒருபக்கம் கழன்று தொங்க, யேசு அழுகிறார்! ஆரோ ஓடிப்போய்த் திரையை இழுத்தார்கள். மண்டபத்தில் ஒரு குஞ்சுகூடச் சிரிக்கவில்லை. எனக்கோ மானம் போய்விட்டது.

கனகாலத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னா. மன்னார்க் கரையில் அப்பாவும் பெரியண்ணையும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது இரண்டு பெடியள் வந்து கூப்பிட்டார்களாம். பெரியண்ணை வலையைக் கீழே வைத்துவிட்டு, போராட இயக்கத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைப்பற்றி ஒரு சேதியும் இல்லை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், கோட்டுக்குக் கீழே அங்கி தொங்க இருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"பிள்ளையள் போனபிறகு செபதேயு என்ன செய்தவர்?"

"வாயை மூடு" என்று அம்மா என் தொடையில் கிள்ளினா.

அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மிச்ச வலையைப் பொத்தினவர், பிள்ளை. அவன் திரும்பி வந்தால் தேவைப்படுமெல்லோ."

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி ரீச்சரிடம், வேதாகமத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றா. அப்பா இதையும் பிழையாகச் சொல்லிப்போட்டாரே என்று, எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.