மடியில் மறைந்திருந்த குதிரைப்படை

என்னைக் கேட்டால் ஒரு பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை ஒருத்தர் போதும். எனக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். அப்பாவின் தங்கை மகன் மெட்ராஸில் படித்து அங்கேயே வேலையில் இருந்தார். அவர் மெட்ராஸ் அத்தான். அம்மாவின் அண்ணன் மகன் எங்கள் ஊரிலேயே மாமாவின் உரக்கடையைப் பார்த்துக்கொண்டார். அவர் தென்காசி அத்தான். இரண்டு பேருக்கும் என்மேல் உரிமை உண்டென்று சொந்தபந்தம் முழுக்கப் பேசும். எனக்கு யார்மேல் ஆசை என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. மெட்ராஸ் அத்தான் மேல்தான். அவர் வருகிறார் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே எனக்குச் சோறு இறங்காது.

அப்பா பாடு திண்டாட்டம். தங்கை மகனுக்குக் கொடுத்தால் மச்சினன் வாசல் மிதிக்கமாட்டார், மச்சினன் மகனுக்குக் கொடுத்தால் தங்கை அழுதே கொன்றுவிடுவாள். அந்த வருஷம் சீசனுக்குக் குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் வீடு பிடித்து எல்லாரும் தங்கியபோது, இரண்டு அத்தான்களையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரும் முறைக்காரங்க. நான் ஒருத்தனைக் கைகாட்டினா மத்தவன் வீட்டோட உறவு அத்துப்போகும். நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்கடே. தோக்கவன் சிரிச்ச முகத்தோட கல்யாணத்துக்கு வரணும், அம்புட்டுதான்."

அது எண்பதுகளின் நடுப்பகுதி. மெட்ராஸ் அத்தான் அந்த முறை, மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்திப் பகடை உருட்டி ஆடுகிற போர் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய விடுதி நண்பனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் மூலம் வந்த ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றும், விரலில் பாதி உயரத்துக்கு ஈயப் பொம்மைகள் இரண்டு பெட்டியும். ஒன்றில் கோடரி பிடித்த குள்ளர்கள், அவர்களுக்குத் துணையாகக் கொஞ்சம் குதிரைவீரர்கள். இன்னொன்றில் செத்தும் சாகாத எலும்புக்கூட்டுப் படை. தென்காசி அத்தான் எலும்புக்கூடுகளை எடுத்துக்கொண்டு, பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டைப் பூசிவைத்தார். அந்த விளையாட்டு ஒரே ஆட்டத்தில் முடிகிற சமாச்சாரமும் இல்லை. ஏழு கோட்டைகளை வரைந்த படம் இருந்தது. ஒரு போரில் செத்தவன் அடுத்த போருக்கு வரமாட்டான். சீசன் முடியுமட்டும் ஆடுவதாக ஏற்பாடு. முதல் போர் ஒரு ஆற்றுத்துறைக்காக.

அன்று காலை இட்லி தின்றுகொண்டே தென்காசி அத்தான் எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டார்.

"மாமா, பேசி என்னத்தை முடிக்க? இன்னைக்கு முதல் போர். ஜெயிக்கவன் கெட்டிக்கிடட்டும், தோக்கவன் ஒதுங்கிக்கிடட்டும். என்னலே சொல்லுதே?"

மெட்ராஸ் அத்தான் சட்னியைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவும் அத்தையும் அடுக்களையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

"நான் என்ன பந்தயத்துக்குக் கெட்டிப்போட்ட ஆட்டுக்குட்டியா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. ஒத்திகை ஆட்டங்களில் மெட்ராஸ் அத்தான் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. தென்காசி அத்தானோ கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற ஆள். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது, நான் ஏன் தட்டிவிட வேண்டும்?

அன்று பெய்தது சாரல் இல்லை, பேய்மழை. அருவித் தண்ணீர் செம்மண் நிறத்தில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு விழுகிறது, போலீஸ் விசில் ஊதி ஆட்களை விரட்டுகிறது என்று பால்காரர் சொல்ல, அப்பாவும் மாமாவும் குடையை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். மத்தியானத்திலேயே இருட்டிவிட்டது. கரண்டும் போய்விட்டது. அரிக்கேன் விளக்கைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு அம்மா, "மழை ஊத்துத நேரத்துல வீட்டுக்குள்ள பகடை உருட்டுதிய. நல்லதுக்கில்ல" என்று முனகிக்கொண்டே போனாள். எனக்குச் சுருக்கென்றது.

மேசையில் பச்சைப் போர்வை. அதற்கு அடியில் தலையணைகளைச் செருகிக் குன்றுகள் செய்திருந்தோம். என் நீல ரிப்பன்தான் ஆறு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்ததால் விதிப்புத்தகம் என் கையில், நடுவர் நான்தான். போர் தொடங்குமுன் ஆளுக்கொரு படையை ஒளித்துவைக்கலாம். இடத்தை நடுவர் காதில் மட்டும் சொல்லவேண்டும், பொம்மைகளை நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். படைக்குரியவர் கூப்பிடும்போது நடுவர் எடுத்து வைப்பார். அதுவரை வாய் திறக்கக்கூடாது. எந்தப் பக்கத்துத் தளபதி பொம்மை சாகிறதோ அந்தப் பக்கம் தோற்றது.

மெட்ராஸ் அத்தான் என் காதருகே குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததே இல்லை. "குதிரைப்படை. எடதுபக்கக் குன்றுக்குப் பின்னால. அவன் ஆத்தைத் தாண்டினதும் கூப்பிடுதேன்." குதிரைகளை என் உள்ளங்கையில் வைத்தார். நான் தாவணி மடியில் முடிந்துகொண்டேன். தென்காசி அத்தான் தன் ஒளிப்படையை இரண்டாவது முறையிலேயே பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டுக் களத்தில் இறக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

தையல் டேப்பால் அளந்து அளந்து எலும்புக்கூடுகள் முன்னால் வந்தன. விளக்குச் சுடர் ஆட ஆட அவற்றின் நிழல்கள் சுவரில் ஏறின. வெளியே மலைப்பக்கமிருந்து ஒரே இரைச்சல். பகடை உருண்டது. குள்ளர்கள் வரிசையாக விழுந்தார்கள். விழட்டும், ஆற்றைத் தாண்டட்டும் என்று காத்திருந்தேன்.

சிவப்புப் படை ரிப்பனைத் தாண்டியது. நான் மடியைத் தொட்டுக்கொண்டு மெட்ராஸ் அத்தானைப் பார்த்தேன். அவர் தளபதியை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

இன்னும் உள்ளே இழுக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறையும் கூப்பிடவில்லை. இருமிப் பார்த்தேன். விதிப்புத்தகத்தில் ஒளிப்படைப் பக்கத்தைப் புரட்டி அவர் பக்கம் தள்ளினேன். ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தளபதியைத் தனியாக, துணைக்கு ஒரு ஆள் இல்லாமல், எலும்புக்கூடுகளின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். சின்னப்பிள்ளைகூட அப்படி நகர்த்தாது.

தென்காசி அத்தான் பகடையை உருட்டினார். தளபதி செத்தார்.

"போட்டேன் பாத்தியா!" என்று அவர் மேசையைக் குத்தினார். மெட்ராஸ் அத்தான், "நீதாம்லே ஜெயிச்சே" என்று கையை நீட்டினார். அந்த முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுமை ஏது? மடியை அவிழ்த்துக் குதிரைப்படை மொத்தத்தையும் குன்றுக்குப் பின்னால், எலும்புக்கூடுகளின் முதுகுக்கு நேராக நட்டுவைத்தேன்.

தென்காசி அத்தானுக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"ஏலே, இம்புட்டையும் வச்சிக்கிட்டா தோத்தே? எனக்குப் பிச்சை போடுதியா?"

மெட்ராஸ் அத்தான் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதலே. எங்கப்பா செத்தப்புறம் மாமாதான் என்னைப் படிக்க வச்சாரு. அவர் மூஞ்சிக்கு நேரா, ஒங்க மக எனக்கு வேண்டாம்னு எப்படிலே சொல்லுவேன்? தோத்துட்டேன்னா ஒரு பேச்சு வராதுலா."

நான் அங்கேதான் நிற்கிறேன், விளக்குக்கு நேராக. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆத்திரமாகவும் வெட்கமாகவும் இருந்தது. அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தென்காசி அத்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது. "அப்போ நீ இவன் ஜெயிக்கணும்னுதான் மடியில வச்சிக்கிட்டுக் காத்துக் கெடந்தே. அப்படித்தான?"

ஆத்திரத்தில் நானே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். பின்னால் மாமா. "என்னடே, முடிவாயிட்டா? யாரு ஜெயிச்சா?"

தென்காசி அத்தான் ஜெயித்தார் என்றால், எல்லாம் தெரிந்துவிட்ட மனிதரோடு ஆயுசு முழுக்க வாழவேண்டும். உள்ளதைச் சொன்னால் மெட்ராஸ் அத்தான் நன்றி கெட்டவராவார்; அப்பாவுக்கும் அத்தைக்கும் உறவு அதோடு சரி. அவர்மேல் எனக்கு அப்போதும் ஆசை விட்டுப்போகவில்லை, சனியன்.

"யாரும் ஜெயிக்கலப்பா. எனக்கு ரெண்டு பேருமே வேண்டாம். நாந்தான் ஆட்டத்தைக் கலைச்சேன்."

அதற்கு முன் அப்பா என்னைத் தொட்டு அடித்ததில்லை. அன்று மாமா முன்னால் அவமானம் தாங்காமல் கையை ஓங்கினார். முதல் அடி விழுந்தது. இரண்டாவது விழாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது தென்காசி அத்தான்தான். "மாமா, விடுங்க. அவ மேல தப்பில்ல, விடுங்க மாமா" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் அத்தான் மேசைமேல் குனிந்து, கால் உடைந்துவிடாமல், தன் குதிரைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.