ப்ளக்ஸ் கிழித்த டில்லிபாபு

வடக்குப்பட்டு டில்லிபாபுவுக்கு ப்ளக்ஸ் என்றால் உயிர். ஒரகடம் பக்கம் காதுகுத்தோ கருமாதியோ, ப்ளக்ஸில் முகம் வராதவன் மனுஷனே இல்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? டயர் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன ஆதங்கம்தான் அவரைத் தோழமைச் சகோதரர் சபையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கடைக்காரர், காண்டிராக்டர், தொழிலாளி எல்லாரும் தோளில் நீலத் துண்டு போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் ‘பிரதர்’ என்று கூப்பிட்டுக்கொள்ளும் சபை அது. வாடகை அறைகளில் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பை, சீருடை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சபையின் பொறுப்பு. அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது டில்லிபாபு. ஓ.டி. இல்லாத நாளெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குவார்.

இந்த வருஷம் பிள்ளைப்பாக்கத்தில் கனிஷ்கா கிடைத்தாள். நாலாம் வகுப்பு, வாயாடி. அடையாள அட்டைக்கு என்று கேட்டபோது அவள் அம்மா நாச்சியார் தயங்கித் தயங்கித்தான் ஒரு போட்டோ கொடுத்தாள். நம்ம ஆள் சும்மா இருப்பாரா? குழந்தை பார்த்தால் குதிக்குமே என்று அதை ஆளுயரத்துக்கு அடித்து, ஒரகடம் கூட்டுரோட்டில் தூக்கி நிறுத்திவிட்டார். ‘பகலவன் – நாச்சியார் செல்வமகள், பிள்ளைப்பாக்கம்’ என்று கீழே கொட்டை எழுத்து. பக்கத்தில் சபைத் தலைவர் சங்கரநாராயணன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் தபால்தலை அளவில் டில்லிபாபு.

காலை ஷிஃப்ட் பஸ்கள் போன பிறகுதான் ப்ளக்ஸ் ஏறியது. மத்தியானம் அவர் வீட்டு வாசலில் நாச்சியார் வந்து நின்றாள். காலில் செருப்புகூட இல்லை.

“இன்னாம்மா, இன்னா ஆச்சு?”

“அண்ணே, எம்பிள்ள படத்த எதுக்கு அங்கன வச்சிய? நானும் அவுகளும் வேற வேற சாதி. ஊர விட்டு ஓடி வந்தவங்க. எங்கண்ணன் இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கான். எங்க ஊருப் பயலுவ மத்தியான ஷிஃப்ட்டுக்கு அந்த ரோட்டுலதான் வந்து இறங்குதானுவ. ஒருத்தன் பாத்துச் சொல்லிட்டாலும் பிள்ளையோட அப்பாவ உசுரோட விடமாட்டாண்ணே.”

டில்லிபாபு வண்டிச் சாவியை எடுத்தார். ஆசை ஆசையாகச் செய்த காரியம் ஒரு மனுஷன் தலைக்கு வந்து நிற்கிறதே.

“நீ வூட்டுக்குப் போ. பாப்பாவ வெளிய வுடாத. நான் பாத்துக்கறேன்.”

தலைவருக்குப் போன் செய்யலாம். ஆனால் காரணம் கேட்பார். அவரிடம் சொன்னது அடுத்த நிமிஷமே சபையின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடும், நல்ல மனுஷன்தான் என்றாலும். டில்லிபாபு வண்டியை விரட்டினார். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். கூட்டுரோட்டை அடைந்தபோது தூரத்தில் முதல் கம்பெனி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

சவுக்குக் கம்பத்தைப் பிடித்து ஏறி, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியால் முதலில் பெயரை அறுத்தார். அடுத்து குழந்தையின் முகத்தை அறுத்துச் சுருட்டி இடுப்பில் செருகினார். அதற்குள் டீக்கடையில் கூட்டம் சேர்ந்து, ஒருவன் வீடியோ எடுக்கச் செல்போனைத் தூக்கிவிட்டான். குழந்தையை மட்டும் வெட்டினால் ஊரே ஏன் என்று கேட்குமே. டில்லிபாபு ஒரு நொடி யோசித்தார். கும்பிட்டுக்கொண்டிருந்த தலைவரைக் குறுக்கே கிழித்தார்.

பஸ்சிலிருந்து இறங்கிய பையன்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது தலைவரின் பாதி மீசைதான்.

வீடியோ அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றியது. சபை கூடியது. குற்றம் சாட்டப்பட்ட பிரதர் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கு ஏற்றி வைத்த மேஜைமேல் கை வைத்து உண்மை சொல்ல வேண்டும் என்பது சபை வழக்கம். அந்த மேஜைமுன் டில்லிபாபு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

“ஏன் கிழிச்சீங்க பிரதர்?” என்றார் சங்கரநாராயணன்.

“உங்க மூஞ்சி பெருசா இருந்துச்சு, என்னுது ஸ்டாம்ப் சைஸ்ல இருந்துச்சு. வயிறு எரிஞ்சுது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இவ்ளோ அல்பமாய்யா நீ? இனிமே இந்தச் சபையில ப்ளக்ஸும் கெடையாது, போட்டோவும் கெடையாது. உனக்குத் துண்டும் கெடையாது.”

“பசங்களுக்குத் தர்றத மட்டும் நிறுத்திடாதீங்க.”

“அத நீ சொல்லணுமா?”

பை கொடுத்த அன்று டில்லிபாபு பிள்ளைப்பாக்கம் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் நின்றார். உள்ளே போக முகமில்லை. வெளியே வந்த கனிஷ்கா நேராக அவரிடம் ஓடி வந்தாள்.

“மாமா, என் படத்த நீங்கதான் கிழிச்சீங்களாமே. நான் பாக்கவே இல்ல.”

“ஆமா பாப்பா.”

“உங்க கூட டூ.”

துண்டு போனபோது கலங்காத மனுஷன் இப்போது கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “சரிம்மா,” என்றார். பின்னால் வந்த நாச்சியார் கும்பிடக் கை தூக்கினாள். வேண்டாம் என்று கண்ணால் தடுத்தார்.

கனிஷ்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகில் புதுப்பை. ஒரு கையை அம்மா பிடித்திருந்தாள், இன்னொரு கையை அப்பா பிடித்திருந்தார்.