சுண்டாமல் ஏழு நாள்

கழக்கூட்டத்து ஆபீசில் என் லேப்டாப்பைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் மகள் பத்து வாரம் முந்திக்கொண்டு பிறந்தாள். அவசரம் அவளுக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டுக்கு வந்துவிடுகிறவள் நான்.

அவளுக்கு முதலில் வந்தது வயிற்றுத் தொல்லை. குடல் புண்ணாகி, வயிறு உப்பிப் பளபளத்தது. பாலை நிறுத்திவிட்டுப் பத்து நாள் மருந்தும் டிரிப்ஸுமாக ஓட்டினார்கள். அந்தப் பத்து நாளும் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு வயிறு வற்றி, மறுபடி பால் கொடுத்து, ஒரு காலையில் நல்ல மஞ்சளாக வெளிக்குப் போனாள். நாகர்கோவிலில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு அதன் நிறத்தை விவரித்தேன். நான் பிளஸ் டூ பாஸானபோதுகூட அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்தது மூச்சு. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். இதயத் துடிப்பும் கூடவே இறங்கும், மானிட்டர் கத்தும். சற்றுப் பொறுத்துப் பார்த்து, தானாக மீளாவிட்டால் மட்டும் உள்ளங்காலைச் சுண்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். யாரும் சுண்டாமல் ஏழு நாள் போனால் வீட்டுக்கு விடுவார்கள். ஒரு தடவை சுண்டினாலும் முதலிலிருந்து ஏழு நாள்.

பொறுப்பதற்கு என்னால் முடிந்தால்தானே. மானிட்டர் வாயைத் திறந்ததும் சுண்டிவிடுவேன். மூன்றாம் நாள் ஒரு தடவை, மறுபடி எண்ணத் தொடங்கி ஐந்தாம் நாள் ஒரு தடவை. மூத்த நர்ஸ் சார்ட்டில் எழுதிக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "மோளே, குஞ்ஞு தானே மூச்செடுக்கும். நீ அதுக்கு விடணுமே."

மகளை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது நான்தான் என்று புரிந்தது. வெட்கமாகப் போயிற்று.

அடுத்த சுற்றில் ஏழாம் நாள், மதியம். என் நெஞ்சோடு தூங்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று அசைவில்லாமல் போனாள். மானிட்டரில் துடிப்பு நூற்றைம்பதிலிருந்து நூற்றிருபதானது, பிறகு தொண்ணூறு. என் விரல் அவள் காலுக்குப் போய்விட்டது. நர்ஸ் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொட வேண்டா. ஞான் இவிடெ உண்டு."

எண்பது. அவர் கண் குழந்தையின் முகத்திலேயே இருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. எண்பத்தைந்து. மகள் முகத்தைச் சுளித்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள். எண்கள் ஏறின.

நர்ஸ் என் கையை விட்டார்.

"அவ எடுத்தாச்சு. இனி நீ மூச்செடு, மோளே."