பல்லி என்று நினைத்த இறால்

நம் உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக் குழுவில் உள்ள எல்லோருக்கும்,

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வசந்தி அக்கா வீட்டு வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். "வெறும் காச்சல்னு இருந்துட்டாளே" என்று அவர் அம்மா அழுதது தெருவரை கேட்டது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து பெயர் தெரியாத உயிர்களாகப் படம் பிடித்து அனுப்பி, "இது என்னங்க?" என்று உங்களைக் குடைந்தவர் இனி அனுப்பமாட்டார். நான் பக்கத்து வீட்டுப் பெண். அம்மாவின் போனில், போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

தொட்டியில் போட்ட கடல் கற்களில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்தன என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விளக்கை அணைத்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிப் பார்ப்போம். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை பயப்படா. அப்போது பார்க்கவேண்டுமே! நொய்யரிசி அளவு நட்சத்திர மீன்கள் கண்ணாடியில் ஏறும். ஓர் ஓட்டையிலிருந்து விசிறி மாதிரி ஒன்று விரியும். விரல் பட்டால் பட்டென்று மறையும். "ஏய், இங்கிட்டு பாருடி! காலை எண்ணு, காலை எண்ணு!" என்று அக்கா என் தோளைப் பிய்த்துவிடுவார். பாதி எண்ணுவதற்குள் அந்தப் பூச்சி ஓடிவிடும்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. அக்காவுக்குப் பார்த்திருந்த குடுமியான்மலை மாப்பிள்ளையைப் பற்றி அவர் அம்மா பேச்செடுத்தார். டக்! "பாத்தியா, பல்லி சொல்லிருச்சு" என்று தரையைத் தட்டினார். மறுநாளும் அதே பேச்சு, அதே டக். அக்கா முகம் வாடிவிட்டது. சுவர் முழுக்கத் தேடினோம், பல்லியே இல்லை. கடைசியில் கல் இடுக்கில் ஒரு குட்டி இறால்! ஒரு கொடுக்கு சின்னது, இன்னொன்று உடம்பில் பாதி. அதைச் சொடுக்கியது, டக்! நான் கத்தியே விட்டேன். அக்கா அம்மாவைக் கூப்பிட்டார்:

"ஆத்தா, ஒன் பல்லி தண்ணிக்குள்ள இருக்கு! எறா பேச்சக் கேட்டா எனக்குக் கல்யாணம் பண்ணப்போற?"

கண்ணாடியை உடைத்துவிடும், எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று உங்களில் சிலர் எழுதினீர்கள். அக்காவின் பதில் நினைவிருக்கும்: "என்னன்னு தெரியாம கொல்லக்கூடாதுங்க. தெரிஞ்சப்பறம் மனசு வராதுங்க."

இன்று அவர் அண்ணன் தொட்டியைக் காலி செய்தார். மீன்களைக் கடைக்காரர் கொண்டுபோனார். "கல்லத் தூக்கித் தென்னமரத்தடியில போடு" என்றார் அண்ணன். இறால் இருந்த கல்லை மட்டும் வாளியில், அதே உப்புத்தண்ணீரோடு தூக்கி வந்துவிட்டேன். காற்று விடும் பேட்டரி மோட்டார் ஓடுகிறது. வாளி என் கட்டிலுக்கு அடியில். சாவு வீட்டுப் பொருளை உள்ளே கொண்டுவந்தது அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

சற்றுமுன் அது சொடுக்கியது. "என்ன சத்தம்?" என்றார் அப்பா, அடுத்த அறையில்.

"இவ பரிச்சையப் பத்தித்தான நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அம்மா. "பல்லி சொல்லுதுங்க."

அப்பா தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

இந்தத் தண்ணீர் அதிக நாள் தாங்காது. புதுக்கோட்டையில் தொட்டி வைத்திருப்பவர் யாராவது, அப்பா வயலுக்குப் போனபின் வாருங்கள். கல்லைத் தந்துவிடுகிறேன். சிவப்புத்தாள் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

இப்போதும் அதில்தான் பார்க்கிறேன். இறாலுக்குப் பக்கத்து ஓட்டையிலிருந்து இரண்டு வெள்ளை நூல்கள் நீண்டு கல்லைத் தடவுகின்றன. இதை அக்கா பார்த்ததே இல்லை! படம் அனுப்புகிறேன். இது என்னங்க?