வயிற்றுக்கு ஒரு சுவிட்ச் போர்டு

மேலப்பாளையம் நூர்முகம்மதுவுக்கு ஷார்ஜா என்றதும் உயரமான கட்டடங்கள் நினைவுக்கு வராது. அறையில் கூட இருந்த திசையன்விளை இஸ்ரவேல்தான் வருவார். காலையில் தோளில் துண்டோடு நின்று, "வயிறு இன்னைக்கு என்ன சொல்லுது வே?" என்று கேட்பார். சரியில்லை என்றால் அன்றைக்கு எல்லாருக்கும் கஞ்சிதான். எலெக்ட்ரீஷியன் வேலையில் பாதி ஆயுசை அங்கே விட்டுவிட்டு வந்தவருக்கு, அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஊரோடு வந்தபின் வயிறு மக்கர் செய்தது. மகள் ஹனீன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டாள். அது மணிக்கொரு தரம் அதிர்ந்து, வலிக்கு எத்தனை மார்க் என்று கேட்டது. "தொழுகையிலயும் நடுங்குது. இஸ்ரவேல் ஒருநாளும் மார்க் கேட்டதில்லம்மா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

தாமே ஒன்று செய்தார். ஒரு பலகையில் கிழமைக்கு இரண்டு சின்ன பல்பு, பச்சையும் சிவப்பும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். சாப்பிட்டபின் வயிறு அடங்கிக் கிடந்தால் பச்சை, எரிந்தால் சிவப்பு. எந்தக் கிழமைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அதைக் கூடத்துச் சுவரில் மாட்டியபோது மனுஷனுக்கு இருந்த மிதப்பைப் பார்க்கணும், புதுமாப்பிள்ளை தோற்றான்.

ஆனால் அவர் போட்ட சிவப்பு மறுநாள் எரிவதில்லை. பச்சை மட்டும் ஜோராக எரிந்தது. வயரில் கோளாறு என்று பலகையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். தன் வேலையில் கோளாறா என்று கோபம் வேறு.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால், மனைவி ஆபிதா பீவியின் விரல் சிவப்புச் சுவிட்சில் இருந்தது.

"அத எதுக்கு ஆபிதா அணைக்குத?"

"வாரவுக போறவுகல்லாம் பாக்காவ. இவ என்னத்த ஆக்கிப் போடுதான்னுதான நெனப்பாவ? லீவுல வந்தா எங் கைச்சோத்த அள்ளி அள்ளித் தின்னிய. இப்ப அது வெசமாப் போச்சா?"

அந்த லீவு நாட்கள் அவருக்கும் மறக்கவில்லை. மீனாணக் குழம்பைச் சோற்றில் ஊற்றிவிட்டு, முதல் கவளம் இறங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பெண்ணையா நோகவைத்தோம் என்று நூர்முகம்மதுவுக்கு மனசு ஆறவில்லை.

"உன் சோத்துல குத்தமில்ல ஆபிதா. அங்கன இஸ்ரவேல் தெனம் கேப்பான். இங்கன கேக்க ஆளில்ல. அதான் பல்ப மாட்டுனேன்."

ஆபிதா கையை எடுத்தாள்.

"எனக்கும் எரியத்தான் செய்யுது," என்றாள் பைய. "ஹனீன் பொறந்ததுலருந்து. போன்ல நீங்க சாப்பிட்டியான்னு கேப்பிய. சாப்பிட்டேம்பேன். அதுக்கு மேல நீங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

நூர்முகம்மதுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பலகையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"எங்கன எரியுது?"

அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துவிட்டு, நெஞ்சுக்குழிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். பெற்ற மகளுக்குக்கூட அவள் அந்த இடத்தைக் காட்டியதில்லை.