மகளின் லண்டன் படிப்புக்கு ஒரு டெண்டர் கமிட்டி

எங்கள் வீட்டில் மிக்சி வாங்குவதற்கும் மூன்று கொட்டேஷன் வேண்டும். என் கணவர் ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் அரசு நிறுவனம் ஒன்றில் பர்சேஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷ சர்வீசில் தன்மேல் ஒரு புகார் இல்லை, ஒரு விசாரணை இல்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. எந்த ஃபைலையும் தன் மேஜையில் தங்கவிட மாட்டார் என்று ஆபீசில் பெயர். நல்ல மனுஷன்தான். ஆனால் ஓய்வு பெற்ற மறுநாளே அந்த ஆபீசை அப்படியே எங்கள் கொண்டாப்பூர் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமாகி மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த நான் இந்த ஊரின் காரத்தைப் பழகிக்கொண்டேன், டிராபிக்கைப் பழகிக்கொண்டேன். அவருடைய விதிமுறைகளோடுதான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஒரே மகள் கச்சிபௌலியில் வெளிநாட்டு பேங்க் ஒன்றின் ஆபீசில் வேலை பார்த்தாள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போது நடுவில் நின்று யோசனை சொல்லி, விலை பேசி முடித்துக்கொடுப்பது அந்த பேங்க்கின் தொழில். பேசுகிறவர்கள் லண்டனில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காட்டுகிற கணக்கையும் படங்களையும் இங்கே என் மகளும் அவள் கூட்டாளிகளும் செய்து அனுப்புவார்கள். நல்ல பெயர் அங்கே போகும், தப்பு வந்தால் இங்கே வரும்.

ஒருநாள் என்னிடம் வந்து, லண்டனில் அந்த மேஜைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்ததாகச் சொன்னாள். பெரும்பாலும் லண்டனிலேயே இருக்கும் ஒரே யூனிவர்சிட்டி.

"அங்க படிச்சாதாம்மா அந்த சீட்டு. வேற எங்க படிச்சாலும் திரும்ப இதே கச்சிபௌலி, இதே ஸ்லைடுதான்" என்றாள்.

"அப்ப அங்கயே போ" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

அவளும் அந்த ஒரே இடத்துக்குத்தான் விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். தகவல் வந்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"எத்தனை இடத்துக்குப் போட்டே?"

"ஒண்ணுதாம்ப்பா."

"ஒண்ணே ஒண்ணா? அப்ப இது சிங்கிள் டெண்டர்ல? நக்கோ பாப்பா, நக்கோ."

அவருடைய அப்பா காலத்திலேயே ஹைதராபாத் ரயில்வே காலனிக்கு வந்துவிட்ட குடும்பம் அவர்களுடையது. 'வேண்டாம்' என்பதற்கு அவர் வாயில் நக்கோதான் வரும். ஒரே ஒரு கம்பெனி விலை கொடுத்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாதாம், குறைந்தது மூன்று பேராவது போட்டியில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார்.

"யாருங்க வந்து கேக்கப் போறா?" என்றேன்.

"ஆடிட்."

"இந்த ஃபிளாட்டுக்கு ஆடிட் கெடையாதுங்க. செக்யூரிட்டிகாரரே ஒழுங்கா மேல வர்றதில்ல."

அவர் காதில் வாங்கவே இல்லை. மறுநாள் காலை கமிட்டி அமைந்துவிட்டது. அவர் தலைவர். வீட்டுச் செலவைப் பார்ப்பதால் நான் நிதி உறுப்பினர், அதாவது ஒப்புக்குச் சப்பாணி. வெளியாள் ஒருவர் இருந்தால்தான் பாரபட்சம் இருக்காது என்று எதிர் ஃபிளாட்டில் இருக்கும் தெலுங்குக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அவரும் இவர் ஆபீசில் ஸ்டோர்ஸ் பார்த்தவர்தான், பக்கோடா போட்டால் எந்தக் கமிட்டிக்கும் வருவார். யாருக்காக வாங்குகிறோமோ அவர்கள் ஒரு கம்பெனிமேல் ஏற்கெனவே ஆசை வைத்திருப்பார்கள், அதனால் கமிட்டியில் இருக்கக்கூடாது என்பது என் கணவரின் கொள்கை. எனவே கூட்டம் நடக்கும்போதெல்லாம் என் மகள் பால்கனியில் நிற்க வேண்டும், கண்ணாடிக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

இன்னும் இரண்டு யூனிவர்சிட்டி வேண்டுமே என்று மெட்ரோ பிடித்து அமீர்பேட்டுக்குப் போனோம். அங்கே ஸ்டேஷன் படியில் இறங்குவதற்குள் கையில் ஏழெட்டு நோட்டீஸ் திணித்துவிடுவார்கள். ஒரு மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் இடம். சுவர் முழுக்க விசா வாங்கியவர்களின் போட்டோ. எதிரே உட்கார்ந்த ஆலோசகருக்கு என் மகளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கிங் என்றதும் முகம் மலர்ந்தது. "பேங்க் ஜாப் பஹுத் சேஃப் ஹை, அங்கிள்" என்று, ஏதோ கவுன்ட்டரில் உட்காரும் பத்திரமான வேலை என்று நினைத்து, என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போகிற போக்கில் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றும் சேர்த்துக்கொண்டால் தள்ளுபடி உண்டு என்றார். என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வாரத்திலேயே இரண்டு யூனிவர்சிட்டிகள் அவளை இருகரம் நீட்டி வரவேற்றன. ஒன்று கடலோரத்தில் இருந்தது. இன்னொன்று லண்டனுக்கு ரொம்ப வடக்கே ஒரு சின்ன ஊரில். அந்த ஊரைப் படத்தில் தேடினால் மனுஷர்களை முந்திக்கொண்டு செம்மறி ஆடுகள்தான் வந்தன.

இதற்கிடையில் லண்டன்காரர்கள் பெற்றோருக்காக வீடியோவில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என் கணவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கீழே லுங்கியுமாக லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் முதல் கை இவருடையது. படித்து முடித்தும் வேலை கிடைக்காவிட்டால் யூனிவர்சிட்டி கட்டும் அபராதம் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரையில் இருந்த அம்மாள் சிரித்தபடியே இருந்தாள். அது போதாதென்று, ஒப்பந்தப்படி நடந்துகொள்வதற்கு முன்கூட்டியே ஒரு பேங்க் கேரண்டி கொடுப்பார்களா என்றும் கேட்டார். அவள் "கிரேட் க்வஸ்டின்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

"பாத்தியா, கிரேட் க்வஸ்டின்னு சொன்னாங்க" என்றார் என்னிடம்.

"பதில் சொல்லலியேங்க."

"எப்படிச் சொல்வாங்க? பேங்க்கிங் சொல்லிக் குடுக்கறவங்களுக்கே பேங்க் கேரண்டி தெரியல. அந்த அழகுல இருக்கு."

இது கமிட்டிக் கூட்டம் இல்லை என்பதால் கதவைச் சாத்தவில்லை; பால்கனியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

அடுத்து தகுதிப் பரிசீலனை. எதற்கெல்லாம் மதிப்பெண் என்று அவரும் எதிர் ஃபிளாட்டுக்காரரும் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். நல்ல தயிர் கிடைக்குமா, முருகன் கோயில் எவ்வளவு தூரம், ஷம்ஷாபாத்திலிருந்து நேர் விமானம் உண்டா, ஹாஸ்டலில் தண்ணீர் வேகமாக வருமா என்றெல்லாம் அலசினார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும் என்று எதிர் ஃபிளாட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். படிப்பைப் பற்றி நான்தான் கேட்டேன். அதற்கும் கொஞ்சம் மதிப்பெண் ஒதுக்கினார்கள். கடைசியில் மூன்றுமே தேறிவிட்டன.

சம்மதம் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமையும் வந்தது. மகள் லீவு போட்டுவிட்டாள். காலையில் டிபன் முடிந்ததும் கமிட்டி கூடியது, கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. தகுதியில் தேறியவர்களில் யார் விலை குறைவோ அவர்களுக்குத்தான் ஆர்டர். இதை அவர்கள் எல்-ஒன் என்பார்கள். ஃபீஸ் விவரத்தை அவர் வாசித்தார். பணத்துக்கு எங்கே போவது என்பது எல்லா வீட்டிலும் இருக்கும் கதை, அதை நான் இங்கே அளக்கவில்லை. யார் எல்-ஒன் என்பது வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து மகள் வாட்ஸாப்பில் 'ஏம் ஜரிகிந்தி?' என்று கேட்டாள். என்ன நடந்தது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. விதியாவது ஒன்றாவது. 'ஆட்டு ஊர்' என்று பதில் போட்டேன்.

கதவு படாரென்று திறந்தது.

"அப்பா! அந்த ஊர்ல பேங்க்கே இல்லப்பா!"

"ஏடிஎம் இருக்கு பாப்பா. மேப்ல பாத்துட்டேன்."

"நான் பணம் எடுக்கவா போறேன்? இன்னிக்கு நான் யெஸ் சொல்லலன்னா லண்டன் போயிடும். அப்புறம் லைஃப் லாங் யாரோ ஒருத்தருக்கு ஸ்லைடு போட்டுட்டு உக்காந்திருக்கணும். உங்களுக்குப் புரியுதா இல்லையா?" கண்ணில் நீர் முட்டிவிட்டது. என்னைப் பார்த்து, "அம்மா, நுவ்வு செப்பு" என்றாள். நீயாவது சொல்லேன் என்று கெஞ்சினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சரி, எல்-ஒன் உனக்கு வேண்டாம். வேண்டாம்னா அடுத்த ஆளுக்கு நேரா குடுக்க முடியாது. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு மறுபடியும் டெண்டர் போடுவோம். அடுத்த வருஷம் நிதானமா, இன்னும் நல்ல நல்ல இடமா வரும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மகள் அழுதுகொண்டு நிற்கிறாள், இந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. பக்கோடாத் தட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோகலாம் என்று கையை நீட்டினேன்.

தட்டு போய்விடுமோ என்று கடைசிப் பக்கோடாவை அவசரமாக வாயில் போட்டுக்கொண்ட எதிர் ஃபிளாட்டுக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். வாங்க இஷ்டம் இல்லாத சாமானுக்குத்தானே சார் நம்ம ஆபீசில் ரீ-டெண்டர் போடுவோம் என்றார். அவர் சூது வாது இல்லாமல் பழைய ஆபீஸ் ஞாபகத்தில்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

யாரும் தண்ணீர் கொடுக்க எழுந்திருக்கவில்லை. நான் என் கணவரையே பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"என்னங்க, அவ போறதுல உங்களுக்கு இஷ்டம் இல்ல. அதானே?" என்றேன்.

"அப்படி இல்ல. ப்ரொசீஜர்னு ஒண்ணு..."

"ப்ரொசீஜர் கெடக்கட்டும். ஆமாவா இல்லையா?"

கண்ணாடியை மேஜையில் வைத்தார். பிறகு மெல்ல, "ஹவ்" என்றார்.

ஆமாம் என்பதற்கு இந்த ஊர் ஆட்கள் சொல்லும் வார்த்தை அது. ஆயிரம் தடவை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது போல ஒருபோதும் சொன்னதில்லை. எதிர் ஃபிளாட்டுக்காரர் சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமேப்பா. எதுக்கு இவ்ளோ கூத்து?"

"சொன்னா நீ நின்னுடுவியே, பாப்பா" என்றார்.

அவர் சொன்னது நிஜம், நின்றுவிடுவாள். பிளஸ் டூ முடித்ததும் பெங்களூரில் நல்ல காலேஜில் இடம் கிடைத்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டே, தூரமாச்சே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் மறுவார்த்தை பேசாமல் இங்கேயே சேர்ந்துவிட்டாள். அதைப் பற்றி ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் இந்தத் தடவை அவர் வாயை இறுக மூடிக்கொண்டு விதிமுறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவளைப் போ என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, போகாதே என்று சொல்லத் தைரியமும் இல்லை. இத்தனை வாரம் இந்த மனுஷனை என்னென்னவோ திட்டித் தீர்த்தேனே என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

அவள் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் போகலப்பா" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று லேப்டாப்பைத் திருப்பி அவள் மடியில் வைத்தார்.

"போடு. யெஸ்னு போடு. கமிட்டி கலைஞ்சாச்சு."

"அப்பா..."

"போடுங்கறேன்ல? மத்தியானத்துக்குள்ள நெட் போயிடும்."

அவள் போட்டாள். திரையில் வண்ணத்தாள்கள் சிதறுகிற மாதிரி ஒரு படம் ஓடி, நல்வரவு என்று ஆங்கிலத்தில் வந்தது. அவர் அதைக் கண்ணாடி இல்லாமலே எட்டிப் பார்த்தார். அவள் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சமையலறைக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன், கால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதேன். அப்பாவும் மகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"நீ ஏன் அழறே? முதல்லேருந்து போகட்டும் போகட்டும்னு சொன்னது நீதானே?" என்றார் அவர்.

"யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?" என்றேன்.