பின் அடித்து மூடிய நான்கு பக்கங்கள்

உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், அங்கிருக்கும் ஐந்து வயதுக் குழந்தையிடம் என்ன பொய் சொல்வதாக உத்தேசம்? ஊருக்குப் போயிருக்காங்க என்றா, சாமிகிட்ட போயிட்டாங்க என்றா, தூங்குறாங்க என்றா?

ஒரு பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் பசைக்காரம்மாவுக்கு இந்தப் பொய்கள் அத்துப்படி. கிழிந்த படப்புத்தகங்களை ஒட்டி ஒட்டி அவர் விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். பசைக்காரம்மா என்பது பிள்ளைகள் வைத்த பேர். அவருடைய ஆறு வயதில் அப்பா இறந்தபோது, "வெளியூர்ல வேலை" என்றார்கள். சொல்லாமல் போய்விட்ட அப்பா மேல் மூன்று வருஷம் கோபமாக இருந்தார். உண்மை தெரிந்தது, பள்ளியில் சண்டை போட்ட ஒருத்தி வாயிலிருந்து. கோபம் அப்பாவை விட்டு, பொய் சொன்னவர்கள் மேல் திரும்பியது, இன்னும் ஆறவில்லை.

ஆகவே அலமாரியிலிருந்த ஒரு நாய்க் கதைப் படப்புத்தகத்துக்கு நூலக அதிகாரி ஸ்டேப்ளர் பின் அடித்தபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழட்டு நாய் சாகிறது, வீட்டுப் பிள்ளைகள் அதைத் தோட்டத்தில் புதைக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் பயந்துவிடும் என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள். சாகிற, புதைக்கிற நான்கு பக்கங்களையும் சேர்த்து ஸ்டேப்ளரால் மூடிவிட்டார் அதிகாரி. நாய் படுத்திருக்கும், அடுத்துப் புரட்டினால் காலிக் கிண்ணமும் அழுகிற பிள்ளைகளும். நாய் எங்கே? எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? இடுக்கில் விரலை விட்டு, பின்னிடம் குத்து வாங்கியதுதான் மிச்சம்.

ஒரு காலையில் எலக்ட்ரீஷியன் ஒருவர் மகளோடு வந்தார். மனைவி இறந்து இரண்டு மாதம்.

"அம்மா தூங்குறாங்கன்னு சொல்லிட்டோம்க்கா. இப்ப இவளும் தூங்க மாட்டேங்குறா, என்னையும் விட மாட்டேங்குறா. கண்ணை மூடினா விரலாலயே இமையைப் பிரிச்சிடுறா."

பசைக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் சிறுமி நாய்ப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினாள். "ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?"

பசைக்காரம்மா பின்னை நகத்தால் நெம்பினார். அதிகாரி மேசையிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? சின்னப் புள்ளைங்க பயந்துடும்!"

"புள்ளைங்க பயப்படல சார். பெரியவங்கதான் நடுங்குறீங்க. அந்தப் புள்ளை ரெண்டு மாசமா தூங்கல, தெரியுமா?"

"மெமோ குடுப்பேன்."

"குடுங்க. பக்கம் கிழிஞ்சா ஒட்டப் பசை என்கிட்டயே இருக்கு."

நாலு பின்னும் தரையில் விழுந்தன. அவர் படிக்கவில்லை, புத்தகத்தை அப்பா கையில் திணித்தார். "நீங்க படிங்க. நீங்க சொன்ன பொய், நீங்கதான் எடுக்கணும்."

பின் பிடுங்கிய பக்கங்களுக்கு வந்ததும் மனிதர் படிப்பதை நிறுத்தினார்.

"நாய் தூங்குதாப்பா?"

அவர் பசைக்காரம்மாவைப் பார்த்தார். அந்தம்மா அசையவில்லை.

"இல்லடா. செத்துப்போச்சு. இனிமே எந்திரிக்காது."

"அம்மா?"

"அம்மாவும் செத்துட்டாங்க. தூங்கினதால இல்லடா, நோய் வந்து. அப்பா தூங்கினா எந்திரிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு அழுகையில் கண்ணை மூடிக்கொண்டார். சிறுமியின் விரல் பழக்கப்படி அவர் இமைவரை போனது, அங்கேயே நின்றது, கீழே இறங்கி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவளும் ஓவென்று அழுதாள்.

மெமோ மறுநாளே வந்தது. பசைக்காரம்மா இப்போது பழைய செய்தித்தாள் கிடங்கில் இருக்கிறார். புத்தகத்துக்கு மறுபடியும் பின் அடித்தாகிவிட்டது, இந்த முறை ஆறு.

உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். குழந்தைகள் அலமாரியில் இப்படி மூடிய பக்கம் ஏதாவது இருந்தால், பின்னைப் பிடுங்குங்கள். பிறகு உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'செத்துப்போனது' என்ற சொல்லை முழுங்காமல், உரக்கப் படியுங்கள்.